ஈயம் உடம்பில் ஏறியிருக்கிறதா? சிறுநீர்ப் பரிசோதனை பற்றி நம் டெல்டா பக்கத்தில் கேட்கும் கேள்விகள்

கும்பகோணம் பக்கத்தில் ஒரு லேப்பில் ரத்தம், சிறுநீர் மாதிரி எடுக்கிற வேலை எனக்கு. சுவாமிமலை வார்ப்புப் பட்டறை, நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறை, பேட்டரிக் கடை, கடலோரத்து வலைக்காரர் வீடு என்று எங்கிருந்து வந்தாலும் கேள்வி கிட்டத்தட்ட ஒன்றுதான்: "யூரின் டெஸ்ட் எடுத்தால் ஈயம் தெரிந்துவிடுமா?" அதைச் சுற்றி வரும் மற்ற கேள்விகளையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். ஈயம் என்று நான் சொல்வது காரீயத்தை, அதாவது பேட்டரித் தட்டில் இருக்கிற உலோகத்தை. பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் வேறு, அது பற்றித் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், சிறுநீரா ரத்தமா?

ரத்தம். கையில் நரம்பில் ஊசி போட்டு எடுக்கிற ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்ப்பதுதான் உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட சோதனை. குழந்தைக்கும் அதுதான், பட்டறைக்காரருக்கும் அதுதான், கர்ப்பிணிக்கும் அதுதான். கையில் இருக்கிற பணத்துக்கு ஒரு சோதனைதான் எடுக்க முடியும் என்றால் யோசிக்கவே வேண்டாம், ரத்தத்துக்குக் கொடுங்கள்.

போன மாதம்தான் யூரின் டெஸ்ட் எடுத்தோம், எல்லாம் நார்மல் என்றார்களே?

அது சர்க்கரை, புரதம், கிருமி, செல் பார்க்கிற சாதாரணச் சோதனை. அதில் ஈயத்தைப் பார்ப்பதே இல்லை. ஈயத்துக்குத் தனியாக எழுதிக் கொடுத்து, தனி மெஷினில் ஓட்ட வேண்டும்.

உடம்பில் இருந்தால் சிறுநீரில் வந்துதானே ஆக வேண்டும்? ஏன் நம்பக்கூடாது என்கிறீர்கள்?

வரும், இல்லை என்று சொல்லவில்லை. உடம்பு வெளியேற்றுகிற ஈயத்தில் பெரும்பகுதி சிறுநீர் வழியாகத்தான் போகிறது. ஆனால் வெளியே போகிற அளவை வைத்து உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முடியாது, சிக்கல் அங்கேதான்.

மூச்சு வழியாகவோ வாய் வழியாகவோ உள்ளே போன ஈயம் ரத்தத்தில் கலந்ததும் கிட்டத்தட்ட 99 சதவீதம் சிவப்பணுக்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிளாஸ்மா என்கிற நீர்ப்பகுதியில் மிஞ்சுவது மிகக் கொஞ்சம், சிறுநீரகம் வடிகட்டுவது அந்தக் கொஞ்சத்தை மட்டும்தான். அதுவும் ஒரே ஆளுக்குக் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று மாறும். சித்திரை வெயிலில் உலை பக்கத்தில் நின்று வேர்த்துக் கொட்டியவருக்குச் சிறுநீர் கெட்டியாக இருக்கும், இரண்டு இளநீர் குடித்துவிட்டு வந்தவருக்கு நீர்த்துப் போயிருக்கும். இதைச் சரிக்கட்டக் கிரியேட்டினின் என்ற, தசையிலிருந்து வந்து சிறுநீரில் போகும் கழிவுப்பொருளின் அளவையும் பார்த்து ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு இத்தனை மைக்ரோகிராம் ஈயம் என்று கணக்கிடுவார்கள். ஓரளவு உதவும், முழுசாக உதவாது. நீண்ட நாள் ஈயத்தால் சிறுநீரகமே பழுதாகியிருந்தால் இன்னும் மோசம். வெளியேற்றுவதே குறைந்துபோய், உள்ளே நிறைய வைத்துக்கொண்டு சிறுநீரில் குறைவாகக் காட்டும், நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவோம்.

ரத்தத்தில் இருக்கும் ஈயம் பாதியாகக் குறையச் சுமார் ஒரு மாதம் ஆகும். ஆகவே ரத்த அளவு கடந்த சில மாதங்களில் உள்ளே போனதையும், எலும்பிலிருந்து கசிந்து வருவதையும் சேர்த்துச் சொல்கிறது. எலும்பில் போய்த் தங்கியது இருக்கிறதே, அது பல பத்து ஆண்டுகள் அங்கேயே கிடக்கும். பெரியவர்கள் உடம்பில் சேர்ந்த ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில்தான். அதை ஒரு பாட்டில் சிறுநீரும் சொல்லாது, ரத்தமும் முழுசாகச் சொல்லாது. இருப்பதில் நம்பகமானது ரத்தம், அவ்வளவுதான். குறைந்த அளவுகளில் சிறுநீர் இன்னும் தடுமாறும், குழந்தைகள் விஷயத்தில் நாம் கவலைப்பட வேண்டியதே அந்தக் குறைந்த அளவுகளைத்தான்.

அப்படியானால் சிறுநீரில் ஈயம் பார்க்கிற சோதனை எதற்கு இருக்கிறது? என் கம்பெனி டாக்டர் கேட்கிறாரே?

அவர் கேட்பதில் தப்பில்லை. லேப்பின் சோதனைப் பட்டியலில் அது காரணத்தோடுதான் இருக்கிறது.

பெட்ரோலில் முன்பு கலந்த டெட்ராஎத்தில் ஈயம் போன்ற கரிம ஈயச் சேர்மங்களைக் கையாளுகிறவர்களுக்குச் சிறுநீர்தான் பொருத்தம், ஏனென்றால் அந்த வகை ஈயம் உடம்பில் வேறு விதமாக நடந்துகொள்ளும், ரத்த அளவு அதைக் குறைத்துக் காட்டிவிடும். இந்தியாவில் 2000ஆம் ஆண்டோடு வண்டிக்குப் போடும் ஈய பெட்ரோல் நின்றுவிட்டது, அதனால் நம் பக்கத்தில் இந்தத் தேவை அபூர்வம். அடுத்தது, ஈய விஷத்துக்கு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும்போது அது எவ்வளவு ஈயத்தை வெளியே இழுக்கிறது என்று டாக்டர் பின்தொடர்வதற்கு. அங்கேயும் முடிவைச் சொல்வது ரத்த அளவுதான், சிறுநீர் துணைக்கு.

கம்பெனி விஷயம் தனி. ஈய விஷம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டக் காலத்திலிருந்தே அரசுக்கு அறிவித்தாக வேண்டிய தொழில்நோய். பேட்டரித் தொழிலுக்கான விதிகளில் மருத்துவப் பரிசோதனை என்று வரும் இடத்தில் ரத்த ஈயம், சிறுநீர் ஈயம், சிறுநீரில் ஏ.எல்.ஏ, ஹீமோகுளோபின் எல்லாம் சேர்ந்தே வரும். இந்த ஏ.எல்.ஏ என்பது என்ன என்றால், உடம்பு ஹீமோகுளோபின் தயாரிக்கிற வழியில் ஒரு நொதியை ஈயம் மடக்கிவிடும், அந்த நொதி பயன்படுத்தியிருக்க வேண்டிய அமினோலெவுலினிக் அமிலம் தேங்கிச் சிறுநீரில் வெளியேறும். நல்ல தடயம்தான், ஆனால் ரத்த ஈயம் டெசிலிட்டருக்கு, அதாவது நூறு மில்லிக்கு, 40 மைக்ரோகிராம் பக்கம் போன பிறகுதான் தெளிவாக ஏறும். அதற்கு முன்பே உடம்பு கெடத் தொடங்கியிருக்கும். ஆகவே கம்பெனியில் சிறுநீர் மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பினால், "ரத்தத்தில் ஈயம் எவ்வளவு சார்?" என்று கேட்டு அந்தத் தாளை வாங்கி வையுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ஒரு கிளினிக்கில் மாத்திரை கொடுத்து, ஆறு மணி நேரச் சிறுநீரைப் பிடித்து அனுப்பச் சொன்னார்கள். ரிப்போர்ட்டில் ஈயம் சிவப்புக் கட்டத்தில் இருக்கிறது. பயமாக இருக்கிறது.

முதலில் பயத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அந்தத் தாள் எதையும் நிரூபிக்கவில்லை.

கொடுத்த மாத்திரை டி.எம்.எஸ்.ஏ அல்லது அது போன்ற ஒன்றாக இருக்கும். உலோகங்களைப் பிடித்து இழுத்துச் சிறுநீரில் தள்ளுகிற மருந்து அது. இன்றைய உலகத்தில் எந்த மனிதர் உடம்பிலும் கொஞ்சமாவது ஈயம் உண்டு, என் உடம்பிலும் உண்டு. இந்த மருந்தை யார் சாப்பிட்டாலும் அடுத்த சில மணி நேரத்துச் சிறுநீரில் ஈயம் கூடத்தான் செய்யும். இப்போது ரிப்போர்ட்டின் ஓரத்தில் நார்மல் என்று அச்சடித்திருக்கிறதே, அந்த எல்லை மாத்திரை சாப்பிடாதவர்களின் சிறுநீரை வைத்துப் போட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆரோக்கியமான ஆளும் நோயாளியாகத்தான் தெரிவார். மருந்து கொடுத்து எடுத்த சிறுநீருக்கு எது நார்மல் என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட எல்லையே கிடையாது. அமெரிக்காவின் மருத்துவ நச்சியல் நிபுணர்கள் சங்கம் இதை எழுத்திலேயே சொல்லியிருக்கிறது: இப்படித் தூண்டி எடுக்கும் சிறுநீர்ச் சோதனை அறிவியல்படி உறுதிப்படுத்தப்படவில்லை, இதனால் பயன் இருப்பதாகக் காட்டப்படவில்லை, கெடுதல் வரலாம்.

கெடுதல் என்பது வெறும் வார்த்தை இல்லை. அமெரிக்காவில் 2003க்கும் 2005க்கும் இடையில் ஈ.டி.டி.ஏ என்ற இதே வகை மருந்து ஏற்றப்பட்ட மூன்று பேர், அதில் இருவர் குழந்தைகள், ரத்தத்தில் கால்சியம் திடீரென்று சரிந்து இறந்தார்கள். கால்சியம் சேர்த்த ஈ.டி.டி.ஏ என்று ஒன்று உண்டு, அதுதான் ஈயத்துக்கு. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் டைசோடியம் ஈ.டி.டி.ஏ உடம்பின் கால்சியத்தையே பிடித்துக்கொள்ளும். ஆஸ்பத்திரியிலேயே மாறிப்போன மருந்து இது. தெருமுனை கிளினிக்கில், சும்மா சோதித்துப் பார்க்கலாம் என்று விளையாடுகிற விஷயம் இல்லை.

இப்படியான தாளோடு வருகிறவர்களுக்குப் பத்து, இருபது முறை டிரிப் ஏற்ற வேண்டும் என்று பேக்கேஜ் சொல்லியிருப்பார்கள். நகையை அடகு வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். தயவுசெய்து எதற்கும் பணம் கட்டுமுன் மாத்திரை எதுவும் சாப்பிடாமல் ரத்தத்தில் ஈயம் பாருங்கள். அந்த எண் குறைவாக இருந்தால் டிரிப்பும் வேண்டாம், பேக்கேஜும் வேண்டாம்.

டாக்டர் சரியான காரணத்துக்காகவே 24 மணி நேரச் சிறுநீர் கேட்டிருக்கிறார். எப்படிப் பிடிப்பது?

காலை எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைப் பிடிக்க வேண்டாம், அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் மறுநாள் அதே நேரம் வரை போகும் ஒவ்வொரு துளியும் கேனுக்குள் போக வேண்டும், மறுநாள் காலை முதல் சிறுநீரும் சேர்த்து. நடுவில் ஒருமுறை மறந்து வெளியே போய்விட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், மறுபடி ஆரம்பித்துக்கொள்ளலாம்.

கேன் விஷயத்தில்தான் நிறையக் கெட்டுப்போகிறது. ஈயம் போன்ற உலோகங்களுக்கென்று சுத்தம் செய்த பிளாஸ்டிக் கேனை லேப் கொடுக்கும், அதில் மட்டுமே பிடியுங்கள். வீட்டுச் சொம்பில், பித்தளைக் கிண்ணத்தில், பழைய தண்ணீர் பாட்டிலில் பிடித்து அதில் ஊற்றவே கூடாது. கேனைத் தண்ணீர் விட்டுக் கழுவவும் வேண்டாம். பட்டறையிலிருந்து அப்படியே வந்து பிடிக்காதீர்கள். குளித்து, துணி மாற்றி, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டுப் பிடியுங்கள், முடிந்தால் வேலையில்லாத நாளாகப் பாருங்கள். உங்கள் சட்டையில் இருக்கும் தூசி ஒரு துணுக்கு விழுந்தால் போதும், ரிப்போர்ட் பொய் சொல்லும். நம் ஊர் வெயிலுக்குக் கேனை ஃபிரிட்ஜில் வைப்பது நல்லது, இல்லாதவர்கள் ஐஸ் போட்ட பெட்டியில் வைக்கலாம்.

ஸ்கேனுக்காகச் சமீபத்தில் மருந்து ஏற்றிக்கொண்டீர்களா என்றும் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ-க்குப் போடும் கேடோலினியமும், சி.டி-க்குப் போடும் அயோடினும் உலோகம் அளக்கும் மெஷினைக் குழப்பும், அதனால் குறைந்தது நான்கு நாள் கழித்து மாதிரி கொடுக்கச் சொல்வார்கள்.

ரிப்போர்ட்டில் உள்ள எண்ணை எப்படிப் படிப்பது?

எண்ணைப் பார்க்கும் முன் பக்கத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள். ரத்தத்துக்கு வழக்கமாக டெசிலிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று போடுவார்கள். சில லேப் லிட்டருக்குப் போடும், அப்போது எண் பத்து மடங்காகத் தெரியும். லிட்டருக்கு 48 என்றால் டெசிலிட்டருக்கு 4.8, அலற வேண்டாம். சிறுநீர் எண்ணை லிட்டர் கணக்கிலோ ஒரு நாள் கணக்கிலோ கிரியேட்டினின் கணக்கிலோ தருவார்கள். அதையும் ரத்த எண்ணையும் ஒன்றுக்கொன்று ஒப்பிடவே முடியாது.

ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021ல் வழிகாட்டியிருக்கிறது. அமெரிக்காவில் குழந்தைகளுக்கு அதே ஆண்டு இந்த எல்லையை 3.5 ஆகக் குறைத்தார்கள். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. 45ஐத் தாண்டிய குழந்தைக்கு ஈயத்தை இழுக்கும் மருந்து கொடுப்பதுண்டு, அது ஆஸ்பத்திரி விஷயம். எண் எதுவாக இருந்தாலும் வலிப்பு, விடாத வாந்தி, நினைவு தடுமாறுதல் வந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இது எங்கோ இருக்கிற பிரச்சினை என்று நினைக்காதீர்கள். யூனிசெஃப் 2020ல் வெளியிட்ட கணக்குப்படி உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு ரத்தத்தில் 5க்கு மேல் இருக்கிறது. சென்னையில் 3 முதல் 7 வயதுக் குழந்தைகள் எழுநூறு பேருக்கு மேல் சோதித்து 2009ல் வெளியான ஆய்வில் சராசரியே 11ஐத் தாண்டியிருந்தது.

நம் பக்கத்தில் யாரெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும்?

பழைய பேட்டரியை உடைத்து ஈயத் தட்டை உருக்குகிற இடம் எதுவாக இருந்தாலும் முதலிடம் அதற்குத்தான். இன்வெர்ட்டர் இல்லாத கடை, வீடு இப்போது குறைவு, அந்தப் பேட்டரி எல்லாம் கடைசியில் எங்கோ போகிறது. 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் போக வேண்டும், ஆனால் வீட்டுக் கொல்லையில் உடைக்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அப்படி உடைத்த இடத்து மண்ணில் பல வருடம் கழித்து விளையாடும் குழந்தைக்கும் ஆபத்து போகாது.

சுவாமிமலைப் பஞ்சலோக வார்ப்பில் செம்பு, பித்தளையோடு கொஞ்சம் ஈயமும் சேர்க்கிறார்கள். ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும், செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். செம்பு உருகுகிற சூட்டில் ஈயம் புகையாகக் கிளம்பும் என்பது இதிலிருந்தே தெரியும். காவிரி வண்டலால் செய்த அச்சில் ஊற்றும்போது உலை பக்கம் நிற்பவரும், பிறகு அரம் போட்டுத் தேய்ப்பவரும் அந்தப் புகையையும் தூசியையும் இழுக்கிறார்கள். நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறையில் கடைசல் தூசி. இவ்வளவு நேர்த்தியான வேலை செய்கிற கைகளுக்கு ஆண்டுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை கூட அமையவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கடலோரத்தில் வீச்சு வலைக்கு ஈயக்குண்டு கோக்கிறவர்கள். நாகப்பட்டினம், காரைக்கால், தரங்கம்பாடிப் பக்கத்தில் பழைய ஈயத்தை வீட்டு அடுப்பிலேயே உருக்கிக் குண்டு வார்ப்பதுண்டு. அதே அடுப்பில் சோறு வேகும், கசடைச் சுரண்டிக் கொட்டிய இடத்தில் குழந்தை தவழும். உருக்கத்தான் வேண்டும் என்றால் வீட்டுக்கு வெளியே, தனிப் பாத்திரத்தில், பிள்ளைகள் பக்கத்தில் இல்லாமல்.

அப்புறம் வேலைக்கே போகாதவர்கள். பட்டறைச் சட்டையோடு வந்து பிள்ளையைத் தூக்கும் அப்பா, அந்தச் சட்டையை மற்றத் துணியோடு துவைக்கும் அம்மா. ஈயம் வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் இப்படித்தான். பெயிண்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு, என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முந்தின கதவு, ஜன்னல் கம்பியைப் பொங்கலுக்கு முன் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் தூசியிலும் ஈயம் இருக்கலாம். தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்துத் தேயுங்கள்.

ஈயச் சொம்பு ரசம் வைக்கலாமா?

சொம்பு சுத்தமான வெள்ளீயம் என்றால் வைக்கலாம், அது காரீயம் இல்லை. 232 டிகிரியில் உருகிவிடும் என்பதால்தான் ரசத்தை ஊற்றிவிட்டு அடுப்பில் வை, வெறும் சொம்பை வைக்காதே என்று பாட்டிமார் சொல்கிறார்கள். பிரச்சினை, விலை குறையக் காரீயம் கலந்த சொம்பில். புளியும் தக்காளியும் கொதிக்கும்போது அதிலிருந்து ஈயம் ரசத்தில் இறங்கும். கலப்படத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கைக்கு அளவுக்கு மீறிக் கனத்தால், காகிதத்தில் இழுத்தால் பென்சில் போலக் கறுப்புக் கோடு விழுந்தால் சந்தேகப்படுங்கள், ஆனால் இந்த இரண்டும் இல்லை என்பதற்காகச் சுத்தம் என்று முடிவு கட்டாதீர்கள். எந்த உலோகம் என்று பில்லில் எழுதிக் கொடுக்கும் கடையில் வாங்குங்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசும்போதும் நவச்சாரம் போட்டுத் தேய்க்கிறவர் கையில் இருப்பது வெள்ளீயக் கட்டியா, ரேடியோ பற்றவைக்கிற பழைய சால்டர் கம்பியா என்று பாருங்கள். சால்டரில் காரீயம் இருக்கும்.

மஞ்சள் தூள், குங்குமம், கண்மை?

மஞ்சள் கிழங்கைப் பளபளப்பாக்க ஈய குரோமேட் பூசுவது வங்கதேசத்தில் ஆய்வாளர்களால் கண்டுபிடிக்கப்பட்டு, அரசு கடைவீதியில் இறங்கி நடவடிக்கை எடுத்த விஷயம். இந்தியாவில் மஞ்சளில் ஈயத்துக்கு 10 பி.பி.எம்தான் வரம்பு, ஈய குரோமேட் இருக்கவே கூடாது. கிழங்காக, பளபளப்பு இல்லாததாக வாங்கி மில்லில் அரைத்துக்கொள்வது நல்லது. நெற்றியில் வைக்கச் செந்தூரம் என்று விற்கும் ஆரஞ்சுப் பொடியில் சிவப்பு ஈய ஆக்சைடு இருக்கலாம், குழந்தைக்கு வைக்காதீர்கள். கண்ணுக்கு இடும் சுர்மா, கலீனா என்ற ஈயத் தாதுவை அரைத்துச் செய்வது, அதுவும் வேண்டாம். வீட்டில் விளக்குக் கரியும் விளக்கெண்ணெயும் சேர்த்துச் செய்யும் மையில் ஈயம் இல்லை.

நாட்டு மருந்து சாப்பிடுகிறேன். டாக்டரிடம் சொன்னால் திட்டுவாரே?

திட்டினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். கஷாயம், சூரணம் வேறு. உலோகம், தாது போன்றவற்றைச் சுட்டுப் பொடியாக்கும் பற்பம், செந்தூரம் என்ற மருந்து வகைகளில் சில கருவங்கம் என்கிற காரீயத்தையோ மிருதார்சிங்கி என்கிற ஈய ஆக்சைடையோ மூலப்பொருளாகக் கொண்டவை. இணையத்தில் விற்ற ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஏதோ ஒன்று இருந்தது. நான் சித்த மருத்துவத்தைக் குறை சொல்ல வரவில்லை, எங்கள் வீட்டிலும் நிலவேம்பு உண்டு. பெயர் ஒட்டாத புட்டியில், என்ன இருக்கிறது என்று சொல்லாமல் தருவதைத்தான் சொல்கிறேன். வயிற்று வலி, மலச்சிக்கல், சோகை மூன்றும் சேர்ந்து வந்து காரணம் பிடிபடவில்லை என்றால் அந்தப் புட்டியை டாக்டரிடம் எடுத்துப் போங்கள். நிறையச் சோதனைகளில் கிடைக்காத பதில் அந்தப் புட்டியில் கிடைக்கலாம்.

என் மகள் மாசமாக இருக்கிறாள், மாப்பிள்ளைக்குப் பேட்டரிக் கடை.

அவசியம் ரத்தம் பாருங்கள், தாமதிக்க வேண்டாம். ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். கர்ப்பத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் அம்மாவின் எலும்பு கரைந்து கால்சியம் வரும்போது, சின்ன வயதில் அங்கே தங்கிய ஈயமும் கூடவே வரும். உணவில் கால்சியம் குறைவாக இருந்து, ரத்த ஈயம் 5க்கு மேல் இருந்தால் கால்சியம் மாத்திரை கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். மண், சாம்பல், திருநீறு தின்னத் தோன்றுகிறது என்றால் அதை வெட்கப்படாமல் சொல்லச் சொல்லுங்கள். இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு அந்த ஆசை வருவதுண்டு, இரும்புச்சத்து குறைந்த உடம்பு ஈயத்தையும் கூடுதலாக இழுத்துக்கொள்ளும். மாப்பிள்ளை கடையிலேயே குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு வரட்டும்.

குழந்தைக்கு நரம்பில் ரத்தம் எடுக்க மனசு வரவில்லை. சிறுநீர் போதாதா?

போதாது. மனசு வராதது எனக்குப் புரிகிறது, தினம் அந்த அழுகையைக் கேட்கிறவன் நான். விரல் நுனியில் குத்தி எடுக்கிற ரத்தத்தில் முதலில் பார்க்க வசதி இருந்தால் பார்க்கலாம். ஆனால் விரலில் ஒட்டிய தூசியே எண்ணை ஏற்றிவிடும் என்பதால், அதிகம் வந்தால் நரம்பில் எடுத்து உறுதி செய்தே ஆக வேண்டும். தின்ற ஈயத்தில் பெரியவர் உடம்பு பத்தில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டால் குழந்தை உடம்பு பாதிவரை எடுத்துக்கொள்ளும். வெளியே ஒன்றுமே தெரியாமல் படிப்பிலும் கவனத்திலும் மட்டும் பின்தங்கும். ஒரு நிமிட அழுகைதான், எடுத்துவிடுங்கள்.

முடி, நகம் கொடுத்தால் பார்ப்பார்களாமே?

வேண்டாம். வெளியிலிருந்து ஒட்டிய ஈயத்தையும் உள்ளிருந்து வந்த ஈயத்தையும் அதில் பிரித்துச் சொல்ல முடியாது.

எண் அதிகம் வந்துவிட்டது. என்ன சாப்பிட்டால் இறங்கும்?

சாப்பாடு இரண்டாவது. எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்துவதுதான் வைத்தியமே. ஈயம் உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே இழுக்கும் மருந்து கொடுத்தால் வீண், சில மருந்து குடலிலிருந்து ஈயத்தை இன்னும் அதிகமாக உள்ளே எடுக்கவும் செய்யலாம். ரத்த ஈயம் 20க்கும் 44க்கும் இடையில் இருந்த 780 குழந்தைகளுக்கு டி.எம்.எஸ்.ஏ கொடுத்துப் பார்த்து 2001ல் வெளியான ஆய்வில் ரத்த எண் இறங்கியது, ஆனால் அறிவுத்திறன் தேறவில்லை. அதனால்தான் முதலிலேயே நிறுத்து என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

கொத்தமல்லிச் சாறு ஈயத்தை வெளியேற்றும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். வெறும் வயிற்றோடு பட்டறைக்குப் போகாதீர்கள், வயிறு காலியாக இருந்தால் ஈயம் அதிகம் ஏறும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, முள்ளோடு தின்னும் நெத்திலி, நெல்லிக்காய் எல்லாம் இரும்பும் கால்சியமும் வைட்டமின் சியும் தரும், தாராளமாகச் சாப்பிடுங்கள். வேலை இடத்தில் சாப்பிடுவது, வெற்றிலை போடுவது, பீடி பிடிப்பது மட்டும் வேண்டாம், கை வழியாகத்தான் வாய்க்குப் போகிறது.

எங்கே எடுப்பது? மறுபடி எப்போது?

இந்தச் சோதனைக்கான மெஷின் எல்லா ஊரிலும் இல்லை. கும்பகோணம், தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை என்று எங்கே கொடுத்தாலும் பெரும்பாலும் சென்னைக்கோ பெங்களூருக்கோ மும்பைக்கோதான் மாதிரி போகும், அதனால் ரிப்போர்ட் வரச் சில நாள் ஆகும். வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. கொடுக்கும் முன் லேப்பில் கேளுங்கள்: ரத்தத்தில்தான் பார்க்கிறீர்களா, உலோகச் சோதனைக்கு ஏற்ற டியூபில் எடுக்கிறீர்களா, எந்த லேப்புக்கு அனுப்புகிறீர்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு லேப் போங்கள். இ.எஸ்.ஐ அட்டை இருப்பவர்கள் அந்த டிஸ்பென்சரி டாக்டரிடம் வேலை என்ன என்று விவரமாகச் சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

குழந்தைக்கு 3.5க்கும் 10க்கும் நடுவில் வந்தால் மூன்று மாதத்தில் மறுபடி, 10 முதல் 19 என்றால் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள், 20க்கு மேல் என்றால் இரண்டு வாரத்திலிருந்து ஒரு மாதத்துக்குள் பார்க்கச் சொல்வார்கள், 45 என்றால் நாள் கடத்தவே கூடாது. மறுமுறையும் அதே லேப்பில், அதே மாதிரி நரம்பு ரத்தத்திலேயே எடுங்கள், பழைய தாளையும் கையோடு கொண்டு வாருங்கள். ஒருவருக்கு அதிகம் வந்தால் வீட்டில் உள்ள மற்றப் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.